லோரீனின் கவுன் முதுகில் எழுத்து கிடையாது

அட்லாண்டாவில் புத்தகம் அச்சுப்போடும் மதிப்பிற்குரிய பிரிட்சர்ட் ஐயா அவர்களுக்கு,

அலபாமா மலையடிவாரத்திலிருந்து, லோரீனைப் பெற்ற ஓவெல்லா ரிக்ஸ்பி எழுதிக்கொண்டது. கர்த்தர் கிருபையால் நானும் என் முழங்கால்களும் சுமாராக இருக்கிறோம். உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இந்த வருஷம் தக்காளி காய்த்துத் தள்ளியது, வெண்டைக்காய் ஏமாற்றிவிட்டது.

என் மகள் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருக்கிறாள், அதில் நானும் வருவதால் எனக்கு ஆட்சேபம் உண்டா என்று கேட்டு, அச்சுக்குப் போகும் தாள்களை அனுப்பியிருந்தீர்கள். நான் நாலாம் வகுப்போடு பருத்தி பொறுக்கப் போனவள், விரல் வைத்துத்தான் படிப்பேன், ஆனால் படித்ததை மறக்கமாட்டேன். ஆட்சேபம் உண்டு. ஒரே ஒரு பக்கம். அதை எடுக்காமல் என் சம்மதம் கிடையாது.

என் வீட்டுக்காரர் க்ளீட்டஸ் மொபீல் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறாள், அது உண்மை. ராத்திரிக்குச் சோளரொட்டியை மோரில் பிசைந்து தின்றோம் என்று எழுதியிருக்கிறாள், அதுவும் உண்மை, என்னவோ தண்டனை மாதிரி எழுதியிருக்கிறாள், நான் இன்றைக்கும் அதைத்தான் ஆசையாகத் தின்கிறேன். ஆனால் துணி வாங்க வக்கில்லாமல் கோழித்தீவனம் வந்த சாக்கில் அம்மா கவுன் தைத்தாள், பள்ளிக்கூடத்தில் முதல் நாள் வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைகள் என் முதுகில் ‘குஞ்சுத் தீவனம்’ என்று படித்துவிட்டுக் கொக்கரித்தார்கள், அடுத்தவர் நம் மேல் எழுதுவதற்கு முன்னால் நாமே எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன் என்கிறாளே, அது பொய். நான் தைத்த கவுனில் எழுத்து கிடையாது.

நீங்கள் வடக்கிலிருந்து வந்தவர் என்று லோரீன் சொன்னாள், அதனால் விளக்குகிறேன். சாக்கு என்றால் சணல் இல்லை. எங்களை வளைத்துப் போடுவதற்காகவே தீவனக்காரர்கள் நல்ல பருத்தியில் பூவும் பறவையும் போட்டு அனுப்புவார்கள், தீவனத்தைக் கோழிக்குக் கொட்டிவிட்டுச் சாக்கை வெட்டி நாங்கள் உடுத்துவோம். அன்றைக்குக் கொக்கரித்த பிள்ளைகளும் ஏதாவது ஒரு தீவனத்தைத்தான் மாட்டிக்கொண்டு நின்றிருப்பார்கள். அந்த வருஷம் நியூசம் கடையில் நீலப்பறவை போட்ட சாக்கு மூன்றுதான் வந்தது, கவுனுக்கு மூன்று வேண்டும், இரண்டை நான் இழுத்துக்கொண்டேன், மூன்றாவதன் மேல் பக்கத்து வீட்டு பெர்ட்டீ ஹால்கம் ஏறி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாலும் பையன்கள்.

“எந்திரி பெர்ட்டீ, அது என் மகளுக்கு.”

“உங்கிட்ட இருக்கிறதே எட்டுக் கோழி. மூணு மூட்டை எதுக்கு?”

“கோழி வாங்கிக்கிறேன்.”

“சாக்குக்காகக் கோழி வாங்குறவள இப்பத்தான் பாக்குறேன்.”

“பையனுக்குப் பறவை போட்ட சட்டை தைக்கிறவள நானும் பாத்ததில்ல.”

“சட்டைன்னு யார் சொன்னா? அடுப்படி ஜன்னலுக்குத் திரை.”

திரை, ஐயா. கடைக்காரர் நியூசம், ரெண்டு பேரும் கர்த்தரின் பிள்ளைகள்தானே என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி அவள் வண்டியில் ஏற்றினார். மிச்ச இரண்டு மூட்டையைத் தின்று தீர்க்க நான் நாற்பது குஞ்சு வாங்கினேன், அதுகள் என் கட்டிலுக்கடியில் வளர்ந்தன, எங்களுக்காக ஜெபிக்க வந்த பாதிரியார் கண்ணைத் திறந்தபோது அவர் தொப்பிக்குள் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சாக்கில் கவுன் தைப்பதென்றால் தீவனத்தின் பேர் அச்சடித்த துண்டையும் கழிக்க முடியாது. அதைப் பன்றிக்கொழுப்புத் தடவி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காரச் சோப்புப் போட்டுக் கொதிக்கவைத்து, விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்து, ஒரு எழுத்துகூட இல்லை என்றான பிறகுதான் கத்தரியை எடுத்தேன்.

தாள்களைப் படித்த கையோடு லோரீனுக்குப் போன் போட்டேன்.

“ஏண்டி, எழுத்து இருந்ததை நீ பாத்தியா?”

“என் முதுகும்மா அது. நான் எப்படிப் பாப்பேன்?”

“பாக்காததை எதுக்கு எழுதுன?”

“அவங்க படிச்சாங்களே.”

“வீட்டுக்கு வந்து கழட்டினப்ப பாத்திருக்கலாம்ல?”

“பயமா இருந்துச்சும்மா. நீ அந்தக் கவுனைப் பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டிருந்த.”

போனை வைத்தது அவள், நான் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் போன் வருவதில்லை.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. நூலக வண்டியில் வரும் பெண்ணிடம், எங்க பக்கத்து ஆளுங்க அம்மாவைப் பத்தி எழுதினதெல்லாம் கொண்டா என்றேன், ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். எல்லாவற்றிலும் ஒரே அம்மா. கை வெடித்திருக்கிறது, செருப்பு கிழிந்திருக்கிறது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வளர்க்கிறாள், பிள்ளை பார்க்காதபோது அழுகிறாள். பார்க்காதபோது அழுதது பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? ஒருத்திகூடப் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போடவில்லை, ஒருத்திக்குக்கூட நீலப்பறவைமேல் ஆசை வரவில்லை. அம்மா கஷ்டப்பட்டால்தான் பிள்ளைக்கு எழுத வருமா? பெர்ட்டீயும் கஷ்டப்பட்டவள்தான், அவள் பையன்கள் டயர் விற்கிறார்கள். அதே பறவைகளைத் திரையில் பார்த்து வளர்ந்தவனுக்கு டயர், முதுகில் போட்டு வளர்ந்தவளுக்குப் புத்தகம் என்றால் அது எப்படி? இத்தனை அம்மாக்களை அச்சடித்தவர் நீங்கள், தெரிந்தால் எழுதுங்கள். குத்தலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அந்தக் கவுன் சின்னதாகிப் போனதும் ஒட்டுத்துணிப் போர்வைக்குள் போய்விட்டது. முதுகுத் துண்டைப் பிரித்து, சாட்சிக்கு இதோடு வைக்கிறேன். பார்த்துவிட்டுப் பக்கத்தை எடுங்கள். கர்த்தர் உங்கள் கண்ணுக்கு வெளிச்சமும் கைக்கு நிதானமும் தரட்டும். உங்களைப் பெற்றவள் உயிரோடு இருந்தால் என் அன்பைச் சொல்லுங்கள், அவளைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஓவெல்லா ரிக்ஸ்பி

பி.கு.: இதை எழுதி முடித்துவிட்டுப் போர்வையை ஜன்னலில் விரித்துத் தையல் பிரிக்க உட்கார்ந்தேன். விளக்கு வெளிச்சத்தில் போன எழுத்து பகல் வெளிச்சத்தில் நிற்கிறது, ஐயா. பறவைகளின் காலடியில், மங்கலாக, நாலாம் வகுப்புக்காரிக்கே படிக்க வருகிற மாதிரி: குஞ்சுத் தீவனம். என் பெண்ணை நான் எப்போதும் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் உடுத்திவிட்டேன், அனுப்பும்போதும் வாசலுக்குள் திரும்பிவிடுவேன். துண்டை அனுப்பவில்லை. பக்கம் அப்படியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று லோரீனிடம் சொல்லுங்கள். மூன்றாவது சாக்கு மட்டும் கிடைத்திருந்தால் அந்தத் துண்டு அடுப்புத் துடைக்கப் போயிருக்கும், ஆகவே அது யாரிடம் போனது என்று ஒரு வரி சேர்க்கவும். பெர்ட்டீ ஹால்கம். பெயரில் எழுத்துப் பிழை வரக் கூடாது.