வாய்க்காலைத் தாண்டிய வாக்காளர்

அறுபத்தெட்டாம் வருஷம் எங்கள் வில்லியனூர் கொம்யூனுக்கு, அதாவது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊராட்சி சபைக்கு, தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பிய அன்றே நான் ஒரு சபதம் எடுத்தேன். இந்தத் தடவை என் ஓட்டை நானே போடுவேன்.

இதற்கெல்லாமா சபதம் என்று கேட்பீர்கள். நீங்கள் ஜெயசீலியைக் கட்டிக்கொள்ளவில்லை, அதனால் கேட்கிறீர்கள். நான் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருஷம் ஆகிறது. மாதாகோயில் பூசைக்கு எந்தச் சட்டை, சோற்றுக்கு எந்தத் தட்டு, படுக்கையில் எந்தப் பக்கம் தலை, எல்லாம் அவள் முடிவு. போன சட்டசபைத் தேர்தலில் மறைப்புத் தட்டிக்குள் நான் தனியாகத்தான் நின்றேன். முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்ததும் அவள் குரல் காதில் விழுந்தது. கை தானாக அவள் சொன்ன சின்னத்துக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து என்மேலேயே எனக்குக் கோபம்.

இந்தத் தடவை எங்கள் வட்டத்தில் இரண்டு பேர் போட்டி. ஒருவன் சுப்பராயலு. என் சீட்டாட்டக் கூட்டாளி, சைக்கிள் சின்னம். சாராயக்கடைக்குப் போகும் சேற்றுப் பாதையைத் தார்ரோடு ஆக்குவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான். பொதுநலம் என்றால் அது. இன்னொருவர் இன்னாசிமுத்து. என் மனைவிக்குப் பெரியம்மா மகன், தராசு சின்னம். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் போடுவேன் என்றார்.

குழாய் வேண்டியதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். எங்கள் தெருக் கிணற்றில் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீருக்குச் சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போக வேண்டும். ஜெயசீலி காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம் எடுத்து வருவாள். ஆனால் மச்சானுக்கு ஓட்டுப் போட்டால் அது மனைவிக்குப் போட்ட ஓட்டு. அதுதான் என்னால் முடியாது.

நேரிடையாகவே சொல்லிவிட்டேன்.

"ஜெயசீலி, என் ஓட்டு சைக்கிளுக்கு."

"அப்படிங்களா," என்றாள் அவள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"இன்னா அப்படிங்களா? கோவம் வரலியா?"

"இன்னாத்துக்குக் கோவம்? உங்க ஓட்டு உங்களுது."

"சொல்லிட்டன், அப்பால பேச்சு மாத்த மாட்டேன்."

"மாத்தாதீங்க."

"மறைப்புக்குள்ள போயும் மாத்த மாட்டேன்."

"மறைப்புக்குள்ள போனா பார்த்துக்கலாங்க," என்றாள்.

பத்தொன்பது வருஷத்தில் அவள் எனக்கு 'ங்க' போடாமல் பேசியதே இல்லை. மரியாதை எல்லாம் சரியாக வந்துகொண்டே இருக்கும். நான்தான் சரிந்துகொண்டே போவேன். அன்று அவள் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஜெயித்த மயக்கத்தில் ஆகவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊரின் அமைப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தாண்டை புதுச்சேரி. அந்தாண்டை தமிழ்நாடு, தென்னார்க்காடு ஜில்லா. நடுவில் ஒரு பனைமரம் கிடக்கிறது, அதுதான் பாலம். என் வீடு இந்தப் பக்கம். என் ஒன்றரைக் காணி நிலமும் மோட்டார் கொட்டகையும் அந்தப் பக்கம். பதினாறு எட்டில் நான் ராஜ்யம் மாறிவிடுவேன்.

எனக்குக் கோபம் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பனைமரத்தைத் தாண்டிவிடுவேன். மூன்று நாள் மோட்டார் கொட்டகையில்தான் வாசம். அந்தப் பக்கம் மதுவிலக்கு என்பதால் குடித்துவிட்டுத் தாண்டினால் என் வயிறே கடத்தல் சரக்கு. ஆகவே பச்சைத் தண்ணீரோடு தவம் இருப்பேன். மூன்றாம் நாள் யாராவது ஒரு பெரிய மனிதர் சமாதானம் பேச வருவார். ஒரு தடவை பங்குச் சாமியாரே வந்தார். நான் வீராவேசமாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு, நாலாம் நாள் காலை இட்லி நேரத்துக்கு வீடு திரும்புவேன். இது ஊரறிந்த நடைமுறை. ஆண்பிள்ளைக்கு இப்படி ஒரு கௌரவமான வழி இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனோம். பிரசங்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போல நாங்கள் ஆண்கள் நாலைந்து பேர் கோயிலுக்கு வெளியே புங்கமரத்தடிக்கு வந்து பீடி பற்ற வைத்தோம். பிரசங்கத்துக்குப் பிறகு சாமியார் ஏதோ அறிவிப்பு வாசித்தார். எங்களுக்குக் கேட்கவில்லை. பெண்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள், அவர்களுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் வீட்டில் வஞ்சிரம் குழம்பு. வீராம்பட்டினத்து மீன்காரி கொண்டுவந்த முழு மீன். வாசனை தெருமுனையிலேயே என்னைப் பிடித்து இழுத்தது. உட்கார்ந்தேன். தட்டில் வால் விழுந்தது.

"தல எங்கடி?"

"தலைங்களா? இன்னாசிமுத்து அண்ணன் வந்தாரு. குடுத்துட்டேன்."

என் வீட்டில் மீன்தலை எனக்கு. என் அப்பா இருந்தவரை அவருக்கு, அப்புறம் எனக்கு. அதில் ஒரு கண்ணைக்கூட நான் யாருக்கும் விட்டதில்லை.

"எந்தத் தலைய யாருக்குக் குடுக்கிறதுன்னு வெவஸ்தை வேணாமா?"

"எலெக்சன்ல நிக்கிற மனுசன். தெம்பு வேணாங்களா?"

"அப்ப இந்த வூட்ல எனக்கு வாலுதானா?"

"வாலுலதாங்க முள்ளு கம்மி," என்றாள்.

இதற்கு மேல் எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பான்? வாலைத் தின்றுவிட்டு எழுந்தேன். துண்டை உதறினேன். வாய்க்காலைத் தாண்டினேன்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை காலை பத்து மணிக்கு வாய்க்கால் கரையில் முத்துசாமி வாத்தியார் தெரிந்தார். கக்கத்தில் நீள நோட்டு, காதில் பென்சில். சமாதானத் தூதர் வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. கணக்குப்படி மூன்றாம் நாள்தான். நான் மோட்டார்மேல் சாய்ந்து நின்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

வாத்தியார் பனைமரத்தின் அந்த முனையிலேயே நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"மரியசுந்தரம், வூட்ல போய்க் கேட்டன். அவரு இங்க இல்லிங்க, அவரையே கேட்டுக்குங்கன்னாங்க உன் சம்சாரம். நீ இங்க இருக்கியா, அங்க இருக்கியா?"

"இங்கதான் இருக்கேன்."

"அது தெரியுது. நெரந்தரமா எங்கன்னு கேக்கறேன்."

"வாத்தியாரே, நீங்க பெரிய மனுசன். உங்க பேச்சத் தட்டக்கூடாது. அதனால மேல பேசாதீங்க. அந்த வூட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் கெடையாது."

"அவசரப்படாத. எழுதிக்கினா அப்பால மாத்தறது செரமம்."

"எழுதிக்குங்க. அந்த வூட்டு நெழலக்கூட மிதிக்க மாட்டேன். இதான் என் வூடு, இந்த மோட்டாருதான் என் குடும்பம்."

"நெசமாத்தான் சொல்றியா?"

"வேணும்னா கையெழுத்தும் போடறேன்."

வாத்தியார் தயங்கித் தயங்கிப் பனைமரத்தைக் கடந்து வந்தார். நோட்டில் ஒரு வரியைக் காட்டினார். ஜெயசீலி இதைப் பார்த்து நடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கோடு கீழே இழுத்து, இரண்டு புள்ளி வைத்து, கையெழுத்துப் போட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ராஜாக்கள் ஓலையைப் படித்துவிட்டா கையெழுத்துப் போட்டார்கள்?

வியாழக்கிழமை காலை வீடு திரும்பினேன். இட்லி ஆவி பறந்தது. ஜெயசீலி தட்டைப் போட்டாள். வழக்கத்தைவிட இரண்டு இட்லி அதிகம் வைத்தாள். என் கையெழுத்து வேலை செய்திருக்கிறது என்று மகிழ்ந்தேன்.

ஒன்றரை மாதம் கழித்து சுப்பராயலு வீட்டுக்கு வந்தான்.

"மரியசுந்தரம், ஓட்டர் லிஸ்ட்டு ஒட்டியிருக்காங்க. பேரு வுட்டுப் போச்சின்னா பதினஞ்சு நாள்ல மனு குடுக்கணுமாம். போய்ப் பார்த்துட்டு வா."

"என் பேரு இல்லாம ஒரு லிஸ்டாடா?"

"எதுக்கும் பாரு. ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்."

உள்ளே இருந்து ஜெயசீலி குரல் வந்தது. "நான் பார்த்துட்டேங்க. நம்ம வூட்ல யார் யார் குடியிருக்காங்களோ அவங்க பேரெல்லாம் சரியா இருக்குது."

"கேட்டியா?" என்றேன் சுப்பராயலுவிடம் பெருமையாக. அவனும் நம்பிப் போய்விட்டான்.

ஓட்டு நாள் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டையும் நானே தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வரிசைக்கு நான்தான் முதல் ஆள். எனக்குப் பின்னால் எதிர்வீட்டுக் காசம்மாள், அவளுக்குப் பின்னால் ஜெயசீலி. திரும்பி அவளைப் பார்த்து உரக்கவே சொன்னேன். "இன்னிக்கு ஒருத்தன் சுதந்தரமா ஓட்டுப் போடப் போறான், பார்த்துக்க."

"பார்க்கிறேங்க," என்றாள்.

உள்ளே பட்டியலோடு உட்கார்ந்திருந்தவர் முத்துசாமி வாத்தியாரேதான்.

"உனக்கு இங்க ஓட்டு இல்லியேப்பா," என்றார்.

"இன்னா வாத்தியாரே, வெளையாடறீங்க?"

"நான் எங்க வெளையாடனன்? ஆள் கணக்கெடுக்க வந்தப்ப அந்த வூட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லன்னு நீதான சொன்ன? கையெழுத்தும் போட்டியே. நீ சொன்ன மோட்டாரு தென்னார்க்காட்டுல கீது. அது என் நோட்டுல வராது."

"அது சமாதானம் பேச வந்ததில்லியா?"

"எனக்கு எதுக்குப்பா உங்க வூட்டு வெவகாரம்? கணக்கெடுக்க வர்றன்னு சாமியாரு கோயில்லியே படிச்சாரே, கேக்கலியா?"

எனக்குப் புங்கமரம் ஞாபகம் வந்தது. பீடியும் ஞாபகம் வந்தது.

சண்டை போட்டேன். இந்த ஊரில் ஞானஸ்நானம் வாங்கினவன், இந்த ஊரில் கல்யாணம் செய்தவன் என்று கத்தினேன். வரிசை முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரர் என் தோளில் கை வைத்து, மெதுவாக, மரியாதையாக வெளியே கொண்டுவந்து விட்டார். ஜெயசீலி என்னைத் தாண்டி உள்ளே போனாள். வெளியே வந்தபோது விரலில் மை பளபளத்தது. அதை ஊதிக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.

நான் அடங்கவில்லை. நேராக வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கணக்குப்பிள்ளையிடம் போய், எனக்கு இங்கேயாவது ஓட்டு உண்டா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இங்க இப்ப எலெக்சனே இல்ல. இருந்தாலும் மோட்டாரு கொட்டாய்க்கு ஓட்டு குடுக்கிறதில்ல," என்றார். பனைமரத்தின் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் எண்ணினார்கள். தராசு ஒரு ஓட்டில் ஜெயித்தது.

ஒரே ஒரு ஓட்டு. என் ஓட்டு விழுந்திருந்தால் சரிசமம், குலுக்கல், யார் கண்டது. சுப்பராயலு அன்றோடு என்னைச் சீட்டாட்டத்துக்குச் சேர்ப்பதை விட்டான். இன்னாசிமுத்து மாலையும் கழுத்துமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னேன். "அன்னிக்கு என் தலையத் தின்னதுமில்லாம இன்னிக்கு மாலையோட வேற வர்றீங்களா?"

"எந்தத் தல, மாப்ள?"

"வஞ்சிரத் தல. கணக்கெடுக்க வந்த வாரம், திங்கக்கெழம."

"அந்த வாரம் முழுக்க நான் காரைக்கால்லதான இருந்தேன்? அக்கா பொண்ணு கல்யாணம்."

நான் ஜெயசீலியைப் பார்த்தேன். அவள் அண்ணனுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப தலய யாரு தின்னது?"

"நான்தாங்க," என்றாள். "பத்தொன்பது வருசமா எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு ஆசை."

 துண்டை உதறித் தோளில் போட்டேன். வாசற்படி வரை போய்விட்டேன். அங்கே கால் நின்றுவிட்டது. இப்போது தாண்டினால், அடுத்த கணக்கெடுப்பு என்றைக்கு என்று யாருக்குத் தெரியும்? ஓட்டுரிமையோடு என் கோபித்துக்கொள்ளும் உரிமையும் போய்விட்டது. துண்டை மடித்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு காப்பி வந்தது, சர்க்கரை தூக்கலாக.

நாலாவது மாதம் தெருமுனையில் குழாய் வந்தது. அந்தாண்டைத் தென்னார்க்காட்டு ஜனங்களும் குடத்தோடு வாய்க்காலைத் தாண்டி வந்துவிட்டதால் தினமும் தள்ளுமுள்ளு. ஒழுங்குபடுத்த ஒரு ஆள் வேண்டும் என்று இன்னாசிமுத்து ஜெயசீலியை நியமித்தார். உள்ளூர்க்காரர் யாரென்று பார்த்துக்கொள்ள ஓட்டர் லிஸ்ட்டையும் கையில் கொடுத்துவிட்டார். அவள் காலையிலும் மாலையிலும் குழாயடியில் நிற்பதால் வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது என் தலையில் விழுந்தது.

சரி, குழாய் வந்ததில் ஒரு லாபம் உண்டு. குழாயை ஆள்பவள் என் மனைவி. எனக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? முதல் நாள் இடுப்பில் குடத்தோடு, வரிசையில் நின்ற அத்தனை பேரையும் தாண்டி நிமிர்ந்து நடந்து போய், காசம்மாளுக்கும் முன்னால் குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

ஜெயசீலி லிஸ்ட்டில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். பக்கத்தைத் திருப்பி அதிலும் ஓட்டினாள். பிறகு நிமிர்ந்து, குறையாத மரியாதையோடு சொன்னாள்:

"வெளியூரு ஆளுங்கல்லாம் கடைசியில போய் நில்லுங்க."