ஈமெயிலுக்கு ஓலை வாசித்தவர்

உலகத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர்களிலேயே கம்ப்யூட்டரைக் கொஞ்சமும் நம்பாதவர் எங்கள் தெரு ஓலை ஒருவர்தான். போட்டிக்கு ஆள் கிடையாது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். திண்டுக்கல் மேட்டுப்பட்டிப் பக்கம் எனக்கு ஒரு டீக்கடை. ஒட்டினாற்போல அவருடைய பிரவுசிங் சென்டர். அவர் மருமகன் நாலைந்து கம்ப்யூட்டரை இறக்கி வைத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போய்விட்டார். காவலுக்கு மாமனார் உட்கார்ந்தார்.

அதற்கு முன்னால் அவர் மாதா கோயில் உபதேசியார், சாமியாருக்குத் துணையாள். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது வழக்கம். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எல்லோர் முன்னாலும் கேட்பது. அதை வாசித்து வாசித்தே அவருக்கு அந்தப் பெயர் வந்தது. முகத்துக்கு நேரே உபதேசியார். முதுகுக்குப் பின்னால் ஓலை.

கடையில் உட்கார்ந்த முதல் வாரமே என்னிடம் வந்தார்.

"என்ன அப்பு கூத்தா இருக்கு? பேரு கேட்ட எடத்துல நான் கலெக்டருன்னு அடிச்சேன். வாங்க கலெக்டர்னு உள்ள விட்டுருச்சு. ஒரு சாட்சி கேக்க வேணாமா?"

"மிஷினுக்கு என்ன தெரியும் உபதேசியாரே."

"மிஷினுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார். ஈமெயில் திறக்க யார் வந்தாலும் முதலில் என் டீக்கடைக்குக் கூட்டி வருவார். பெஞ்சில் இருப்பவர்கள்தான் சபை. தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிப்பார்.

"வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் சேவியர் என்பவர் ஈமெயில் திறக்க இருக்கிறார். தடை தெரிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கவும்."

மூன்று ஞாயிறுக்குப் பதில் மூன்று தடவை. அதுவே அவர் கொடுத்த பெரிய சலுகை.

சேவியருக்குத் தடை வந்தது. பெஞ்சில் இருந்த ஒருவர் சும்மா இருக்க முடியாமல் கையைத் தூக்கினார்.

"எனக்கு இருக்குங்க. சின்னப்புள்ளையில பந்தடிச்சு எங்க வீட்டு ஓட்டை உடைச்சவன் இவன்."

ஓலைக்கு விளையாட்டு தெரியாது. உட்கார வைத்து விசாரித்தார். எந்தப் பக்கத்து ஓடு, மழை ஒழுகியதா, அன்றே ஏன் சொல்லவில்லை. கடைசியில் சேவியர் மன்னிப்புக் கேட்டார். அதற்கப்புறம்தான் அவருக்கு ஈமெயில் திறந்தது.

பாலசமுத்திரத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். பிறந்த தேதி கேட்டதும் ஜூன் ஒன்று என்றார்.

"பள்ளிக்கூடத்துல வாத்தியார் போட்ட தேதியா, அம்மா பெத்த தேதியா?"

"வாத்தியார் போட்டதுங்க. அம்மா பெத்தது ஐப்பசி அடைமழையிலங்க."

"அப்ப மழையைத்தான் போடணும். பொய் போடப்படாது."

கம்ப்யூட்டரில் மழைக்கு இடமில்லை. விவசாயி ஊருக்குத் திரும்பிப் போய்ப் பெரியவர்களை விசாரித்துவிட்டு வர வேண்டியதாயிற்று.

ரகசியக் கேள்வி என்று ஒன்று உண்டு. மறந்துபோனால் நம்மை அடையாளம் காண்பதற்கு. வளர்த்த பிராணியின் பெயர் என்ன என்று கேட்கும். அந்த விவசாயி 'வெள்ளச்சி' என்றார். ஓலை நேரே என் கடை வாசலுக்கு வந்தார்.

"பாலசமுத்திரத்துக்காரங்க யாராச்சும் இருக்கீகளா? இவரு மாட்டுப் பேரு வெள்ளச்சிதானா?"

"உபதேசியாரே, அது ரகசியம்" என்றேன்.

"ரகசியம்னா சாட்சி வேணாமா?"

பின்னாளில் போலீஸ் சொல்லி எல்லா சென்டரிலும் அடையாள அட்டை கேட்டார்கள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். இவர் மட்டும் அட்டையை நம்ப முடியாது என்று ஓலை வாசிப்பதைத் தொடர்ந்தார்.

என் தங்கச்சி நர்ஸ் படித்தவள். பெயர் ஆரோக்கியமேரி. சவுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளை எடுக்கிறதாக ஏஜென்ட் என் கடை போனில் சொன்னார். நாளை மதியத்துக்குள் அவள் ஈமெயில் முகவரி வேண்டும். இல்லையென்றால் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவள் அந்த வேலைக்கு இரண்டு வருடமாக நடையாய் நடந்தவள்.

அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்தவரே ஓலைதான். இருந்தாலும் வாசித்தார். யாரும் தடை சொல்லவில்லை. நிம்மதியாகப் போய் ஒற்றை விரலால் அவள் பெயரை அடித்தார்.

திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. இந்தப் பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டார்.

ஓலை கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"தடை வந்துருச்சு தாயி."

"தடை இல்லீங்க. அதே பேருல வேற யாரோ இருக்காக. பின்னால ஒரு நம்பர் போட்டாப் போதும்" என்றாள் தங்கச்சி.

"ஞானஸ்நானப் பேருக்குப் பின்னால நம்பரா? நீ என்ன சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனா? உன் பேரை வச்சு எவளோ உள்ள உக்காந்திருக்கா. யாருன்னு பாத்துட்டு வாரேன்."

கடையைப் பூட்டினார். சாவியோடு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து சென்டர்களிலும் ரோடு தோண்டியதில் லைன் அறுந்து கிடந்தது. தங்கச்சி அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஒரு வேன் வந்து நின்றது. ஓலை முன்னால் இறங்கினார். பின்னால் ஆரோக்கியமேரிகள் இறங்கினார்கள். கன்னிவாடியிலிருந்து கொய்யா விற்கிற ஆரோக்கியமேரி. வேடசந்தூர் மில்லிலிருந்து ஷிப்டு முடித்த ஆரோக்கியமேரி, தலையில் பஞ்சோடு. ரிட்டயர்டு டீச்சர் ஆரோக்கியமேரி. தடியூன்றிய கிழவி ஆரோக்கியமேரி. வழியில் அகப்பட்டவர்களை எல்லாம் அள்ளி வந்திருந்தார்.

என் பெஞ்சில் உட்காரவைத்து ஒவ்வொருவராக விசாரித்தார்.

"கம்ப்யூட்டருல இந்தப் பேரை எடுத்தது நீங்களா?"

கிழவி பதறவில்லை.

"நான் எதையும் எடுக்கலப்பு. அந்தப் பக்கமே போகல."

"சார், எங்க மில்லுலயே எங்க பேருல அம்புட்டுப் பேரு இருக்கோம். எல்லாரையும் கூட்டியாரவா?" என்றாள் மில் பெண்.

"கூட்டியா."

டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "உபதேசியாரே, இது திண்டுக்கல் இல்ல. உலகம். எந்த ஊரு மேரின்னு தேடுவீக?"

"ஒரு நாளு ஆனாலும் தேடணும்ல டீச்சர்."

அப்போது தங்கச்சி எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"உங்களுக்கு என்னையத் தெரியுமா, தெரியாதா?"

"என்ன தாயி கேக்குற. பொறந்ததுலருந்து தெரியும்."

"அப்பறம் யாரைத் தேடுறீக? மதியம் வந்துட்டா என் வேலை போச்சு. அந்த மேரி கிடைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

நான் பாலைக் கிண்டினேன்.

ஓலை இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"தடை வந்த இடத்துல, தெரிஞ்ச ஆளு ஒருத்தர் பொறுப்பேத்துக்கிட்டா முடிச்சு வைக்கலாம். சாமியாரு அப்படிச் செஞ்சு பாத்திருக்கேன்" என்றார்.

போய்க் கடையைத் திறந்தார். தங்கச்சி பெயரை அடித்தார். அதற்குப் பின்னால் நம்பர் போடவில்லை. தன் சொந்தப் பெயரை அடித்தார். அது என்ன பெயர் என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அவளுக்கு ஊரெல்லாம் மெயில் வரும்.

சிவப்பு வரி வரவில்லை. பதிலுக்குக் கோணல்மாணலாக ஒரு எழுத்துப் படம் வந்தது. நீ மிஷின் இல்லை, மனுஷன்தான் என்று காட்ட, இதைப் பார்த்து அடி என்றது.

ஓலைக்கு அன்றைக்குத்தான் கம்ப்யூட்டர் மேல் மரியாதை வந்தது.

"பாத்தியா. இப்பச் சாட்சி கேக்குது பாரு. புத்தி வந்துருச்சு."

ஆரோக்கியமேரிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மில் பெண் ஒன்று சொன்னாள். டீச்சர் வேறொன்று சொன்னார். கொய்யாக்காரம்மாவுக்கு அது நண்டு மாதிரி தெரிந்தது. டீச்சர் சொன்னது சரியாக இருந்தது. ஈமெயில் திறந்தது.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஏஜென்ட் போன் செய்தார். தங்கச்சி எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"பின்னாடி இருக்கறது உங்க அப்பா பேராம்மா?" என்று ஏஜென்ட் கேட்டது என் காதிலும் விழுந்தது.

தங்கச்சி ஓலையைப் பார்த்தாள்.

"ஆமா சார்" என்றாள்.

ஓலை எங்களைப் பார்க்கவில்லை. கிழவியைக் கைப்பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி சவுதிக்குப் போய் வெகு வருடங்கள் ஆகின்றன. ஆஸ்பத்திரி மாற்றினாள், ஊர் மாற்றினாள். முகவரி மட்டும் அதேதான். ரொம்ப நீளம், சின்னதாக வேறு எடுத்துக்கொள்ளேன் என்று ஒருமுறை போனில் சொன்னேன்.

"எதுக்குண்ணே? அவரு பாட்டுக்கு எம் பேருக்குப் பின்னாலயே வந்துக்கிட்டு இருக்காரு. வரட்டும்" என்றாள்.