நொதித்தலுக்கு ஒரு கையெழுத்து

நமுனுகுல,
மேற்பிரிவு, ஐந்தாம் லயம்.

என் அன்புக்கும் பதுளை மாவட்டம் முழுவதன் பெருமைக்கும் உரிய மருமகள் தயானிக்கு, உன் மாமா வீரய்யா எழுதும் கடிதம். நானும் அத்தை விஜயலெட்சுமியும் முருகன் புண்ணியத்தில் நலம். என் முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துழைப்பதில்லை. அங்கே கம்பஸில் உனக்குச் சாப்பாடும் படிப்பும் ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே சிக்னல் குப்பைமேட்டில்தான் கிடைக்கிறது. அங்கே நின்று விஞ்ஞானம் பேசினால் காக்கைகளைத் தவிர யாரும் மதிப்பதில்லை.

நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு வேலை, ஒத்துக்கொள்கிறேன். தமிழில் நொதித்தல் என்று நீ எழுதும் 'பெர்மன்டேசன்' என்கிற வார்த்தை எங்கே பிறந்தது, எந்தெந்தத் தொழிலில் என்னென்ன அர்த்தத்தில் பிழைக்கிறது என்று நீ கடைசி வருட ஆய்வு எழுதுகிறாய். அதன் கடைசி அத்தியாயத்துக்காக எங்கள் தேயிலைப் பேக்டரிக்குள் இரண்டு நாள் நின்று பார்க்க வேண்டும், அதற்குப் பேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் இரகுநாதன் ஐயாவின் கையெழுத்து வேண்டும், முப்பதாம் திகதிக்குள் அது கிடைக்காவிட்டால் உன் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். இவ்வளவுதான். நீ அனுப்பிய கடிதத்தை நீட்டி, கையெழுத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் அந்தப் பேக்டரியில் அரைத்த கொழுந்தைப் பரப்பிப் பக்குவம் பார்த்தவன் நான். நான் பரப்பிய தேயிலையைக் குடித்துவிட்டு, இதைப் பரப்பியவர் யார் என்று லண்டனில் ஒரு பெரிய மனிதர் விசாரித்து எழுதினார். அந்தக் கடிதத்தைக் கரையான் தின்றுவிட்டது. அப்பேர்ப்பட்டவன் வெறும் தபால்காரனாகப் போவதா? ஆகவே ஆராய்ச்சியில் நானும் இறங்கினேன்.

முதலில் பண்டாரவளைக்கு பஸ் ஏறி ஜுனைதீன் நானாவின் பேக்கரிக்குப் போனேன். "நானா, பெர்மன்டேசன்னா ஒங்க தொழில்ல என்னங்க அர்த்தம்?" என்றேன். அவர் மாவுக் கையைத் துடைக்காமலே, "பொங்கினா பாண், பொங்காட்டி ரொட்டி. வேற அர்த்தம் தேடி நான் எங்க போற?" என்றார். அவர் அறியாமையைப் பார்த்து இரக்கம் வந்தது. இது லத்தீனில் 'கொதிப்பது' என்ற சொல்லிலிருந்து வந்தது, பழைய காலத்தில் திராட்சைச் சாறு அடுப்பே இல்லாமல் நுரைத்துப் பொங்கியதைப் பார்த்து அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று விளக்கினேன். இதெல்லாம் நீ போனில் சொன்னதுதான். என் பாட்டனார் தொரை பங்களாவில் லத்தீன் கற்றவர் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொண்டேன். "ஒங்கட பாட்டன் பங்களாவில மாடு பாத்தவரெண்டுதானே கேள்வி?" என்றார் நானா. "மாட்டோட லத்தீன்லதான் பேசுவாரு" என்றேன். மனிதர் அசந்துபோய், புளித்த மாவில் ஓர் உருண்டையைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். மாவுக்குள் மதுவம், ஈஸ்ட் என்று கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கிறது என்றாயே, அந்த உயிரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். நெருக்கிய கண்டக்டரிடம், "பாத்துப்பா, உயிர் இருக்கு" என்றேன். முன் சீட்டில் இருந்த ஓர் அம்மா பயந்து எழுந்து இடம் கொடுத்தார்.

வழி நெடுக யோசனைதான். பழைய வைத்தியர்கள் காய்ச்சல்காரனின் இரத்தம் புளிக்கிறது என்று நம்பி அதே வார்த்தையைப் போட்டார்கள் என்றாய். சனங்கள் பொறுமையிழந்து கிளம்பினாலும் வெள்ளைக்காரன் பேப்பரில் அதே வார்த்தையாம். நம் சங்கத்துக்காரர்களும் சம்பளப் பேச்சு வந்தால் மேடையில் ஏறி, "தோட்டமே கொதிக்குது" என்றுதானே சொல்கிறார்கள்? ஆக அவர்கள் இத்தனை வருடமும் லத்தீனில்தான் பேசியிருக்கிறார்கள். கொழும்பில் இருப்பவர்களுக்கு விளங்காமல் போனதற்கு இதுவே காரணம். இதை ஆய்வில் சேர்த்துக்கொள், என் பெயரைப் போட்டால் போதும்.

இவ்வளவு நல்லது சொன்ன நீ, போனை வைக்கும் நேரத்தில் ஒன்று சொன்னாய். "மாமா, தேயிலையில நடக்கிறது நெசமான நொதித்தல் இல்ல. அதுல மதுவமும் இல்ல, பக்டீரியாவும் இல்ல. கொழுந்துச் சாறு காத்தோட சேர்ந்து செவக்குது, அது ஒட்சியேற்றம். பேருதான் தப்பா ஒட்டிக்கிச்சு." தாயி, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்தில் மூன்று வீரய்யா இருக்கிறோம். ஒருவர் ஒப்பந்த வேலை எடுக்கும் கொந்தரப்பு வீரய்யா, ஒருவர் கோயில் வீரய்யா, நான் பெர்மன்டேசன் வீரய்யா. என் கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சடித்தார்கள். அது தப்பான பேர் என்றால் அத்தை யாரைக் கட்டினாள்?

ஆகவே தேயிலைக்குள்ளும் உயிர் உண்டு என்று நிரூபிக்கத் தீர்மானித்தேன். நானாவின் உருண்டையை அத்தையின் தோசை மாவில் கரைத்து, ஒரு பால்மா டின்னில் அடைத்து, மூடியை இறுக்கினேன். அதை அரைத்த கொழுந்துக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே மாதிரிப் பொங்குகிறதா என்று ஐயாவை வைத்தே பார்க்கச் செய்து, அந்தச் சூட்டோடு உன் கடிதத்தில் கையெழுத்து வாங்குவது என் திட்டம். பேக்டரி வாட்ச்சர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். ஐயா வரும்வரை ட்ரையர் பக்கத்தில் சூடு காய்ந்தபடி அரை மணி நேரம் பழைய ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தேன். டின்னும் என்னோடு சூடு காய்ந்தது. பிறகு கொழுந்து பரப்பிய அறைக்குள் போய் மேசை ஓரத்தில் வைத்தேன். வைத்த கை எடுக்கவில்லை, மூடி பறந்து கூரைத் தகரத்தில் அடித்தது. மாவு மேசை முழுக்கப் பாய்ந்தது. அந்த வேகத்தை நீ பார்த்திருந்தால் உயிர் இல்லை என்று சொல்லியிருக்கமாட்டாய்.

ஒரு விஷயம் நான் மறந்துபோனேன். சிவந்துகொண்டிருக்கும் கொழுந்து, பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் அந்த அறைக்குள் பூ வைத்தவர்களையோ வாசனை எண்ணெய் பூசியவர்களையோ விடமாட்டோம். இரகுநாதன் ஐயா யாழ்ப்பாணத்து மனிதர், அவர் மூக்கு அதற்கென்றே செய்தது. வாசலில் வரும்போதே, "வீரய்யா, ஆர் இஞ்சை தோசை சுடுறது?" என்றார்.

"ஆராய்ச்சிங்க ஐயா."

"ஆராய்ச்சியோ. மல்லிகைப்பூ வைச்ச பொம்பிளையளை நீர்தானே வாசல்லை மறிச்சுத் திருப்பி அனுப்புறனீர்? இப்ப நீரே மாவோடை வந்து நிக்கிறீர்."

ஒரு மேசைக் கொழுந்து முழுவதையும் அள்ளிப் பசளைக் குழியில் கொட்டினார்கள். நான் நீட்டிய உன் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமலே லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "உம்மடை வீட்டாக்கள் ஒருத்தரும் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம்" என்றார். அன்று இருபத்துநாலாம் திகதி.

கலங்காதே. உன் மாமா யார்? அடுத்த நாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய், ஐயாவின் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். "கேட்டுக்கங்க ஐயா. கொழுந்த நசுக்கினா அதுக்குள்ள இருக்கிற நொதியம் வேலைய ஆரம்பிக்குது. அந்த நொதியத்தையே முந்திப் படிச்சவங்க பெர்மன்ட்டுன்னுதான் சொன்னாங்க. பொறகுதான் 'புளிச்ச மாவுக்குள்ள இருக்கிறது'ன்னு கிரேக்கத்துல என்சைம்னு புதுப்பேரு வச்சாங்க. தமிழ்லயும் நொதியம், நொதித்தல், ரெண்டும் ஒரே வேருதானே? அதனால எங்க புள்ள சொல்றதும் சரி, நாம இத்தன வருசம் சொன்னதிலயும் தப்பில்ல" என்றேன். ஐயா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்தும் போட்டு, நீ வரும் இரண்டு நாளும் நான் உன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

உன் அம்மா, என் தங்கை கருப்பம்மாவிடம் அண்ணன் கேட்டதாகச் சொல். குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு படி. நீ நோய்நொடி இல்லாமல், படித்த படிப்பு உன் பேரோடு வந்து ஒட்டிக்கொள்ள, நமுனுகுல மலை உள்ளவரை நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள மாமா,
பெர்மன்டேசன் வீரய்யா

பி.கு.: இதை அத்தை வாசித்துவிட்டாள். "ஒண்ணு உள்ளத எழுதுங்க, இல்லாட்டி நான் போன்ல சொல்றேன்" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். நாற்காலி கிடையாது. மூன்று நாள் ஐயாவின் குவாட்டர்ஸ் வாசலில் மழையில் நின்றேன். முதல் இரண்டு நாளும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள் குடையோடு வந்து, "என்ன வேணும் உமக்கு?" என்றார். பேச எவ்வளவோ யோசித்து வைத்திருந்தேன். "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க ஐயா. புள்ளைக்குத்தாங்க தெரியும். நான் செஞ்சதுக்கு அவள நிப்பாட்டிறாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என்னைக் குடைக்குள் கூப்பிட்டார். நொதியத்தைப் பற்றி மேலே எழுதியதெல்லாம் அவர் எனக்குச் சொன்னது. பாதி எனக்கு விளங்கவில்லை.

கையெழுத்து உண்மை, இந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. அதன் கீழே ஐயா தன் கையால் ஒரு நிபந்தனை எழுதியிருக்கிறார்: ஆய்வு நடக்கும் இரண்டு நாளும் வீரய்யா கேட்டைத் தாண்டக் கூடாது. நியாயம்தான். நீ உள்ளே போய் ஆறுதலாகப் பார், அவசரப்படாதே. நான் கேட்டுக்கு வெளியே குந்தியிருப்பேன். வெளியே வந்ததும் என்னென்ன பார்த்தாய் என்று சொல். நான் வாய் திறக்காமல் கேட்கிறேன்.