செங்கல் நிறம் காட்டிய பாட்டில்

கையில் அதிகாரம் கிடைத்தால் நான் எவ்வளவு மோசமான ஆள் என்பது எனக்கு இருபத்திரண்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. கிடைத்த அதிகாரம் பெரிதல்ல. ஒரு கண்ணாடிக் குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு புட்டி நீல மருந்து.

அது யுத்த காலம். பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியார். அப்பாவுக்கு நீரிழிவு என்று கண்டுபிடித்த புதுக்கோட்டை டாக்டர், ஊசி போடவும் சிறுநீரைச் சோதிக்கவும் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நீல மருந்தில் எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை எக்கச்சக்கம். இன்சுலினைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

நான் அதோடு நின்றேனா? வீட்டிலிருந்த வெல்லம், கருப்பட்டி எல்லாவற்றையும் ஊருக்குத் தானம் செய்தேன். "எங்கப்பாவுக்கு யாராச்சும் இனிப்புக் குடுத்தீங்க, ஒங்க புள்ளைக்குப் பிரம்படிதான்" என்று வீடு வீடாகப் போய் மிரட்டினேன். (அதன் பிறகு என்னைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிறுநீர் பிடிக்கும் பாட்டில் கைதவறி உடைந்தது. அலமாரியில் காலியாக இருந்த வேறொன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். காய்ச்சினால் அசல் செங்கல்!

"என்ன தின்னீங்க?"

"சத்தியமா ஒண்ணும் திங்கலப்பா."

"நீங்க பொய் சொல்லலாம். குழாய் சொல்லாது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஊசியில் மருந்தைக் கூட்டினேன். தண்டனையாகக் கஞ்சியைப் பாதியாகக் குறைத்தேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ஆத்தா அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டிலில் அப்பா வேர்த்து நனைந்து கிடக்கிறார். கைகால் நடுங்குகிறது. என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்கிறார். மருந்து மிஞ்சிவிட்டால் உடனே இனிப்புக் கொடு, தாமதித்தால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இனிப்புக்கு எங்கே போவேன்? தெருவில் ஓடினேன்.

முதல் வீட்டில், "வெல்லமா? கண்ணால பாத்து மாசமாச்சு வாத்தியாரே!" அடுத்த வீட்டில், "ஒங்கப்பாவுக்கு நாங்க ஒண்ணுமே குடுக்கல, எம்புள்ளைய அடிச்சுப்புடாதீங்க!" எல்லோரும் நான் சோதனைக்கு வந்திருப்பதாகவே நினைத்தார்கள்.

வள்ளியம்மை அத்தை வீட்டு வாசலிலேயே பாகு காய்ச்சும் வாசனை அடித்தது. அத்தை அடுப்படியை மறைத்து நின்றாள்.

"அது வெந்நி, தம்பி."

காலில் விழுந்துவிட்டேன். "அத்தை, அப்பா செத்துருவாரு. நாந்தான் மருந்தக் கூட்டிப்புட்டேன்."

அத்தை உள்ளே பாய்ந்தாள். ஒரு வெல்லக்கட்டியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினாள். தண்ணீரில் கரைத்து வாயில் விட்டோம். முதல் மடக்கு கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. ஆத்தா அழவே இல்லை, அதுதான் எனக்குப் பயம். மூன்றாவது மடக்கில் தொண்டைக்குழி அசைந்தது.

கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. அப்பா கண்ணைத் திறந்து அத்தையையும் அவள் கையையும் பார்த்தார்.

"வள்ளியம்ம, அந்த வெல்லத்த மறைச்சு வை. எம்மகன் பாத்தான்னா வைவான்."

அத்தை சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் ஆத்தா அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். "இதுலயாடா புடிச்சே? நேத்துத்தான இதுலருந்த தேன ஒனக்குப் பயந்து சந்தைக்காரிகிட்ட ஊத்திக் குடுத்தேன். இன்னும் கழுவக்கூட இல்லையே!"

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தார். "இனிப்பு ஏதும் சாப்பிட்டீங்களா?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "பாட்டில்கிட்ட கேளு" என்பார்.

அவர் போய்விட்டார், அந்தப் பதில் போகவில்லை. முறுக்கு குறைகிறதே, யார் எடுத்தது என்று இன்று நான் குரலை உயர்த்தினால் போதும், அடுப்படியிலிருந்து மனைவியும் கூடத்திலிருந்து பிள்ளைகளும் ஒரே குரலில் அதைத்தான் சொல்கிறார்கள். நானும் வாயை மூடிக்கொள்கிறேன்.