ஹென்றி சார் வரைந்த கோடு

மூன்றாம் நாளும் எண் ஏறியிருந்தது. முதல் நாள் முப்பத்தொன்று, நேற்று முப்பத்தெட்டு, இன்று நாற்பத்தைந்து. மந்தைவெளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ஹென்றி, கிராஃப் தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். கோடு விறுவிறுவென்று மேலே போயிற்று. தன் மாணவர்களின் மார்க்கில் இருபது வருடமாக இப்படி ஒரு கோட்டுக்கு ஏங்கியவர், இதைப் பார்த்துக் கலங்கிப்போனார்.

ஏழாம் மாதமே பிறந்துவிட்ட அவர் மகள், அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பாலெல்லாம் மூக்குக் குழாய் வழியாகத்தான். தானாகச் சப்பிக் குடிக்கக் கற்றுக்கொண்டால்தான் வீட்டுக்கு விடுவார்கள்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. தினமும் மாலை குழந்தையை அப்பா மார்பில் படுக்கவைத்து, வாயில் பஞ்சுக் குச்சி வைத்து எச்சில் எடுப்பார்கள். மன அழுத்தம் இருந்தால் அதில் ஒரு ஹார்மோன் கூடியிருக்குமாம். நர்ஸ் ஹாஜிரா பீ குச்சியை ஒரு சின்ன மெஷினில் வைத்து, அது காட்டும் எண்ணைச் சீட்டில் எழுதிவைப்பார்.

"நான் தூக்கினாலே அவளுக்கு டென்ஷன் ஏறுது" என்றார் ஹென்றி, மனைவி பிரிஸில்லாவிடம்.

"நர்ஸைக் கேக்க வேண்டியதுதானே?"

கேட்டு, இனிமேல் தூக்காதீர்கள் என்று சொல்லிவிட்டால்? அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துத்தான் அவர் நாள் முழுக்க எட்டாம் வகுப்பைப் பொறுத்துக்கொண்டிருந்தார். நீயும் கேட்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

குத்துகிறதோ என்று மீசையை எடுத்தார். ஐம்பத்திரண்டு. நாற்றம் ஆகாதோ என்று காபியை நிறுத்தினார், தலைவலிதான் மிச்சம். ஐம்பத்தெட்டு. வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய தொண்டையை அடக்கி, பூசையில் பாடும் பாட்டை மெல்ல முணுமுணுத்தார். அறுபத்தாறு. அதை எழுதும்போது ஹாஜிரா பீ சிரித்தார். பாவம், ஆறுதலுக்குச் சிரிக்கிறார் என்று ஹென்றி நினைத்துக்கொண்டார்.

மீதி இருந்தது ஒரே வழி. பள்ளியில் மீட்டிங் என்று நர்ஸிடம் பொய் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி கேன்டீனிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்று பெட்டிக்குள் வைத்தே எச்சில் எடுத்தார்கள். பிரிஸில்லா சீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், இருபது. மறுநாள் பன்னிரண்டு.

கோடு சரிந்தது. மகள் நிம்மதியாக இருக்கிறாள், அதுவும் அப்பா இல்லாததால். ஹென்றிக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

மூன்றாம் நாள் கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தவர் மகேஷ். குச்சிகளை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுபோகும் ஆள். நர்ஸிடம் கேட்கப் பயந்த ஹென்றி, இவரிடம் கிராஃப் தாளை நீட்டி விஷயத்தை எல்லாம் கொட்டிவிட்டார்.

"இன்னும் எத்தனை நாள் நான் போகாம இருந்தா இது ஜீரோவுக்கு வரும்?"

மகேஷ் தாளைப் பார்த்தார். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஸ்ட்ரெஸ்ஸெல்லாம் ஆறு மாசம் கழிச்சி லேபுல மொத்தமாதான் சார் பாப்பாங்க, இந்த நம்பரு பாப்பா எவ்ளோ எச்சில் வுட்டு குச்சிய சப்பிச்சின்னு போட்ட எடை, உங்க மேல படுத்துக்கினு இருந்தப்போ ஜோராதான் சப்பிச்சு, நீங்க வராததுலருந்துதான் வாயே தொறக்காம கீது."