ஒளிபரப்பாகாத மூன்றாவது கரண்டி

வெளிநாட்டு ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்று குட்டி போட்டால் அந்தக் குட்டியை என்ன பெயரிட்டு அழைப்பது என்பது பற்றித் தமிழுலகில் நெடுங்காலமாக எந்த முடிவும் எட்டப்படாமல் இருந்தது. இதனால் தமிழுலகம் பெரிதாகத் துன்பப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனாலும் நீலகிரியின் அருவங்காட்டில் ஒருவர் தூக்கம் கெட்டார்.

நல்லசிவம் என்று பெயர். வெடிமருந்துத் தொழிற்சாலையின் ஆவணப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஓய்வு பெற்றவர்கள் கேரட் போட்டார்கள், சீட்டு நடத்தினார்கள், பேரன்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வந்தார்கள். இவரோ யாரும் நியமிக்காத, சம்பளமும் இல்லாத ஒரு பதவியை ஏற்றுக்கொண்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அறிவித்திருக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில், யாரும் அவ்வளவு சுலபமாக எழுதிவிடாதபடி பார்த்துக்கொள்ளும் பதவி.

அதற்காக அவர் இயற்றியதுதான் ‘பன்னாட்டுக் கிளைத்தொடர்க் கட்டுரைகளுக்கான நடைமுறைக் கையேடு’. அதன்படி மூல நிகழ்ச்சி தண்டு. அதிலிருந்து பிரிந்தது கிளை. கிளையிலிருந்து பிரிந்தது கொப்பு. கொப்பிலிருந்து பிரிந்தது சுள்ளி. டென்மார்க்கில் தொடங்கி, மலேசியாவில் கிளைத்து, அங்கிருந்து தமிழுக்கு வந்து, பிறகு மலையூர்க்காரர்களுக்கென்று தனியாகப் பிரிந்த ‘பூட்டிய சமையலறை: மலைநாடு’ என்னும் நிகழ்ச்சி, முறைப்படி, ஒரு சுள்ளி.

கையேட்டின் துணை ஆசிரியர் லோயிஸ். ஊட்டியில் ஒரு விடுதிப் பள்ளியின் நூலகர். இருவரும் நேரில் சந்தித்ததில்லை. தொலைபேசியில் உலகத்தைச் சீர்திருத்தினார்கள்.

“சார், தோத்துப் போனவங்களுக்குப் பட்டியல்ல சிவப்பு. தானா விலகினவங்களுக்குச் சாம்பல். சிரிச்சுக்கிட்டே தோத்தவங்களுக்கு?”

“சிரிப்புக்கு நிறம் கிடையாதுங்க லோயிஸ்.”

“மலேசியப் பதிப்புல ஒருத்தர் அழுதுகிட்டே ஜெயிச்சிருக்காரு சார்.”

“அதுக்கு ஒரு அடிக்குறிப்புப் போட்டுருங்க.”

கையேட்டின் உயிர்நாடி பன்னிரண்டாம் விதி: ‘ஒளிபரப்பாகாத நிகழ்வு நிகழாததாகவே கருதப்படும்.’ இதை எழுதி முடித்த அன்று நல்லசிவம் எழுந்து போய்த் தனக்குத் தானே டீ போட்டுக் குடித்தார். வேறு யாரும் பாராட்டுகிற மாதிரி தெரியவில்லை.

இந்த நிலையில்தான் அவருடைய மனைவி வேணி அந்தச் சுள்ளியில் போய் உட்கார்ந்தார். போட்டியாளராகத் தேர்வாகி, கூடலூர்ப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியில் நடந்த படப்பிடிப்புக்குப் போனார். திரும்பி வந்து பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே சொன்னார்.

“ஒம்பதாவது எபிசோட்ல வெளிய வந்துட்டனுங்க. ஆனாக் கேளுங்க. அவரைக்கொட்டைக் குழம்பு வெச்சேன். அந்த டென்மார்க் நடுவரு ஒரு கரண்டி ஊத்தச் சொன்னாரு. ரெண்டாவது கேட்டாரு. அப்புறம் மூணாவதும் கேட்டாரு! ஆருகிட்டயும் ரெண்டாவது கரண்டி கேக்காத மனுசனுங்க!”

“பின்ன எப்படித் தோத்தே?”

“அவருக்கு ஊத்திட்டே இருந்ததுல, அடுப்புல இருந்த அடுத்த அயிட்டம் லேட்டாயிருச்சு. லேட்டுன்னா அவுட்டுன்னுட்டாங்க.”

“விதின்னா விதிதானே” என்றார் நல்லசிவம், உண்மையான மரியாதையுடன். வேணி பார்த்த பார்வையில் அந்த மரியாதை பாதியில் நின்றது.

“ஆருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுங்க. நான் எப்ப வெளிய வந்தேன்னு முன்னாலயே தெரிஞ்சுட்டா, நான் வர்ற சீனை எல்லாம் வெட்டிப்போடுவாங்களாமா. கையெழுத்து வாங்கியிருக்காங்க. தோத்தது போகட்டும், அந்த மூணாவது கரண்டிய எங்கக்கா சாந்தாமணி பார்க்கோணும். என் குழம்பு தண்ணியா இருக்குதுன்னு கல்யாணமான நாள்லருந்து சொல்லிட்டிருக்கா.”

“வேணி, தொழிற்சாலைல நாங்க என்ன செஞ்சோம்னு இன்னைக்கு வரைக்கும் உனக்கே சொன்னதில்லை.”

“நான் கேட்டதும் இல்லீங்களே.”

சொன்னபடியே நல்லசிவம் இரும்பாக இருந்தார். லோயிஸ் சுற்றி வளைத்துக் கேட்டார், அசையவில்லை. குன்னூர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை லிங்கசாமி, “ஏனுங்க, அக்கா ஜெயிச்சுட்டாங்களா?” என்றபோது, “இது குறித்துக் கருத்துக் கூறுவதற்கில்லை” என்று சொல்லிவிட்டு முட்டைக்கோஸை முறைத்தார்.

ஆனால் கையேடு என்று ஒன்று இருக்கிறதே! உறவினர் பங்கேற்கும் நிகழ்ச்சியின் கட்டுரையில் கை வைப்பது நலமுரண். விலகி நிற்க வேண்டும். எவ்வளவு காலம் என்பதையும் துல்லியமாக அறிவிக்க வேண்டும். விதியை எழுதியவரே அதைப் பின்பற்றாவிட்டால் நாளை சுள்ளிகளின் கதி என்ன? முதல் எபிசோடுக்கு முந்தின நாள் அவர் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், யாரும் படிக்கக்கூடிய இடத்தில், பின்வரும் அறிக்கையைப் பதிவு செய்தார்:

‘என் மனைவி இத்தொடரில் பங்கேற்பாளர் என்பதால், நடுநிலை கருதி, முதல் எபிசோடு தொடங்கி ஒன்பதாம் எபிசோடு முடிய இக்கட்டுரையைத் தொடமாட்டேன். பத்தாம் எபிசோடிலிருந்து வழக்கம்போல் பணியாற்றுவேன்.’

மூன்று முறை படித்துப் பார்த்தார். ஒற்றுப் பிழைகூட இல்லை. ‘முன்மாதிரியான நேர்மை’ என்று லோயிஸ் கீழே எழுதினார்.

அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனபோது லிங்கசாமி எடைக்கு மேலேயே இரண்டு பீட்ரூட் போட்டார். குரலில் ஒரு துக்கம்.

“ஒம்பதோட வந்துட்டாங்களாமா? போகட்டும் உடுங்க. அக்கா அவ்வளவு தூரம் போனதே பெருசுங்க.”

“ஆரு சொன்னது?” என்றார் நல்லசிவம்.

“நீங்கதானுங்களே!” லிங்கசாமி போனைக் காட்டினார். அறிக்கை படமாக எடுக்கப்பட்டு நீலகிரி முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது என்ற சொல்லைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். தோற்றவர்களுக்கான சிவப்பு. நிறம் சரிதான் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது, உடனே வெட்கப்பட்டார்.

வீட்டுக்கு வந்தபோது தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து பிரியா என்ற பெண் பேசிக்கொண்டிருந்தார். வேணி ஸ்பீக்கரைப் போட்டார்.

“சார், நீங்க யார்கிட்டயாவது சொல்லிட்டீங்களா?”

“ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க. விலகி நிற்கிறேன்னு மட்டும்தான் அறிவிச்சேன்.”

“எதுக்கு சார் அறிவிச்சீங்க? சும்மா விலகி நின்னிருக்கலாமே?”

இப்படி ஒரு வழி இருப்பது நல்லசிவத்துக்கு அதுவரை தோன்றவே இல்லை. கையேட்டிலும் அதற்கு இடமில்லை.

ஒன்பதாம் எபிசோடு அன்று சாந்தாமணி எமரால்டு என்ற ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார். அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் முன்னறையில் நிறைந்திருந்தன. திரையில் நடுவர் தெரிந்தார். அவருடைய தட்டுக்கு மேலே ஒரு கை வந்தது. கையில் கரண்டி. ஒரு கரண்டி ஊற்றியது. கை போய்விட்டது. நடுவர் வாயைத் துடைத்துக்கொண்டார். மணி அடித்தது. விளம்பரம் வந்தது. அவ்வளவுதான்.

“வேணி, நீ எங்கடி?”

“அந்தக் கை நாந்தான்.”

சாந்தாமணி திரையைக் கைகாட்டினார். “ஒரே கரண்டியோட நிறுத்திட்டான் பாரு. தண்ணியாத்தான் இருந்திருக்கும்.”

வேணி எழுந்து சமையலறைக்குள் போனார். நல்லசிவம் அந்தக் கதவைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விதியை வளைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வாசலுக்குப் போய் லோயிஸை அழைத்தார்.

“நடுவர் மூணு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருன்னு ஒரே ஒரு வரி சேர்க்கோணுங்க.”

“சான்று சார்?”

“என் சம்சாரம்.”

“பன்னிரண்டாம் விதி என்ன சொல்லுதுன்னா...”

“அதை எழுதினதே நாந்தானுங்க!”

“அதான் சார், ரொம்ப அழகா எழுதியிருக்கீங்க. ஒரு சொல்லை நகர்த்த முடியல.” லோயிஸ் குரலில் கிண்டல் துளியும் இல்லை. “ஆனா முடிவு முன்னாலயே வெளிய வந்ததுக்குக் ‘கசிவு’ன்னு ஒரு பத்தி புதுசாச் சேர்த்திருக்கேன். அதுக்கு உங்க அறிக்கையே உறுதியான சான்று.”

இவ்வாறாக நல்லசிவம் கலைக்களஞ்சியத்தில் இடம்பெற்றார். உரையாடல் பக்கத்தில் அன்றே பெரிய விவாதம் மூண்டது. கை மட்டும் தோன்றினால் அது பங்கேற்பா, பகுதிப் பங்கேற்பா? முழங்கை வரை தெரிந்திருந்தால்? பல ஊர்க்காரர்கள் கலந்துகொண்டார்கள். லிங்கசாமிகூட ஒரு பயனர் கணக்கைத் தொடங்கி, வளையல் தெரிந்ததால் முழுப் பங்கேற்பே என்று வாதாடினார். தொடரே முடிந்த பிறகுதான் கருத்தொற்றுமை ஏற்பட்டது. ஒன்பதாம் வாரக் கட்டத்தில் வேணிக்கு வெளிர் சிவப்பு நிறமும் ‘கை’ என்ற குறிப்பும் வழங்கப்பட்டன. இந்தப் பரபரப்பில் பட்டத்தை யார் வென்றார்கள் என்று எழுத எல்லோருக்கும் மறந்துபோனது. அந்தக் கட்டம் இன்னும் காலி.

ஒன்பதாம் எபிசோடு வந்த அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவரைக்கொட்டைக் குழம்பு. நல்லசிவம் வந்து உட்கார்ந்தார். வேணி ஒரு கரண்டி ஊற்றினார். அற்புதமாக இருந்தது. இரண்டாவது கேட்டார், ஊற்றினார். அவர் தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

“வேணி, இன்னொரு கரண்டி.”

வேணி கரண்டியைச் சட்டியிலேயே வைத்தார்.

“மூணாவதுங்களா? அது எந்த டிவில வந்துச்சுங்க?”

குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.