ஏழாம் கோடு

ஆறு கடலில் சேருமிடத்தில் அலைவாய் நாடு என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் நீரளவு அதிகாரி நாச்சிக்கு ஒரு சின்னச் சிக்கல். பௌர்ணமி, அமாவாசை தோறும் அவள் வீட்டு அடுப்புக்குள் உப்புத்தண்ணீர் வந்து நின்றது. ஆனால் அவள் நாள்தோறும் பார்க்கும் அளவுகோலில் நீர் ஏழாம் கோட்டை விட்டு ஒரு விரல்கூட ஏறியதில்லை.

கோலின் வேலை எளிது. நீர் பத்தாம் கோட்டைத் தொட்டால் மணியடிப்பார்கள். கீழைத்தெருக்காரர்கள் களஞ்சிய மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். முன்பு அது கரைப்பாறையில் குழிவெட்டி நடப்பட்டிருந்தது. "அரசன் கண்ணில் படாத அளவு ஓர் அளவா?" என்று முந்தைய அரசர் அதைப் பிடுங்கி அரண்மனைச் சுவரில் பதிக்கச் சொன்னார். அரண்மனையோ பிணைத்த படகுகளின்மேல் கம்பீரமாக மிதந்துகொண்டிருந்தது.

சிக்கல் அவைக்கு வந்தது. தலைமை அமைச்சர் திருநிலையார் கேட்டார்.

"கோல் பொய் சொல்லுமா, அம்மணி?"

"சொல்லாதுங்க ஐயா. ஏழுதான் காட்டுது."

"ஆக, நீர் ஏறவில்லை. வீடுகள்தாம் தாழ்கின்றன. இங்கிருந்தே தெரிகிறதே."

நாச்சியும் சாளரம் வழியே எட்டிப் பார்த்தாள். தாழ்ந்துதான் தெரிந்தன. குழப்பத்தோடு தலையாட்டினாள்.

வீடுகள் பாரத்தால் தாழ்கின்றன என்று ஆணை பிறந்தது. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் ஆற்றுக்குப் போயின. கீழைத்தெருவில் அரைத்த குழம்பு நின்றது. அடுப்பில் தண்ணீர் நிற்பது நிற்கவில்லை. அடுத்த ஆணையில் மச்சுகளை இடித்தார்கள். வெள்ளம் வந்தால் ஏறி உட்கார இருந்த இடமும் போயிற்று. ஒரு வீட்டுக்குள் மூவருக்கு மேல் நிற்கலாகாது என்றது அதற்கடுத்த ஆணை.

நாச்சியின் கணவன் வேலாண்டி மச்சை இடிக்கும்போது விழுந்து கால் முறிந்து கிடந்தான்.

"நம்ம வீட்ல இருக்கிறதே ரெண்டு பேர். அதுலயும் ஒருத்தன் நிக்கவே முடியாது. சட்டத்துக்கு நம்மள மாதிரி யாரு அடங்குவா?" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அமாவாசைக்கு மழையும் சேர்ந்துக்கும் போல. என்னைத் தூக்க ஆள் சேர்க்கணும் நீ. முன்னாடியே மணி அடிப்பாங்கல்ல?"

நாச்சிக்குக் கோல் நினைவுக்கு வந்தது. ஏழாம் கோட்டில் யார் மணியடிப்பார்கள்?

மறுநாள் காலை, கரையிலிருந்து அரண்மனைக்குப் போட்ட பலகையில் வழுக்கி இறங்கினாள். அது நீர் வற்றும் நேரம், கரைச்சேற்றில் நண்டு ஓடியது. கோல் ஏழு காட்டியது. மாலையில் கடலேற்றம் வந்து, சேறு மூழ்கியிருந்தது. கோல் அப்போதும் ஏழு. திரும்பும்போதும் பலகையில் வழுக்கி இறங்கினாள்.

போகும்போதும் இறக்கம், வரும்போதும் இறக்கம். பாதிப் பலகையில் நின்றுவிட்டாள். வீடுகள் தாழ்ந்தால் தாழ்ந்தபடியே இருக்கும். காலையில் எழுந்து மாலையில் குனியாது. அப்படியே திரும்பி அவைக்கு ஏறினாள்.

"அரண்மனை மிதக்குதுங்க. நீர் ஏறினா கோலும் கூடவே ஏறுது. எவ்வளவு ஏறினாலும் ஏழுதான்."

அவை விழித்தது. அரசர் மெல்லக் கேட்டார்: "அதாவது, நாம் உயர்ந்துகொண்டே இருக்கிறோம்?"

"ஆமாங்க அரசே, ஆனா…"

"திருநிலையாரே, இந்த நற்செய்தியை ஏன் இத்தனை காலம் மறைத்தீர்?"

அமாவாசையன்று 'நாடு உயர்ந்த திருநாள்' கொண்டாடப்படும் என்று முரசறைந்தார்கள். கீழைத்தெருவினர் தத்தம் வாசலிலேயே நின்று அரண்மனையை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் நாச்சி சுவரிலிருந்து கோலைக் கழற்றினாள்.

"விழா அலங்காரமா அம்மணி?" என்றான் காவலன்.

"ஆமாப்பா, கொஞ்சம் பிடி."

இருவருமாகச் சுமந்துபோய்க் கரைப்பாறையின் பழைய குழியில் நட்டார்கள். நீர் ஒன்பதாம் கோட்டில் நின்றது. காவலன் கோலைப் பார்த்தான், அரண்மனையைப் பார்த்தான், தன் அம்மாவை அழைத்துவரக் கீழைத்தெருவுக்கு ஓடினான். நாச்சி தன் பித்தளை அண்டாவைக் கோலுக்குப் பக்கத்தில் கட்டினாள்.

அமாவாசை மதியம், அரண்மனையில் மேளம் கொட்டும்போது, நீர் பத்தாம் கோட்டைத் தொட்டது; நாச்சி அடிக்க அண்டா ஒலித்தது. வேலாண்டியின் கட்டில் முதலில் மேடேறியது. தெரு பின்னால் ஏறியது. சாளரத்திலிருந்து பார்த்த அரசருக்குக் கீழே ஒரு கூரையும் தென்படவில்லை. நாடு இவ்வளவு உயர்ந்துவிட்டதா என்று வியந்தார்.

கோலை மிதக்காத இடத்தில் நட வேண்டும். நீர் பத்தாம் கோட்டைத் தொட்டதும் மணியடிக்க வேண்டும். நடக்க முடியாதவர்களை முதலில் தூக்க வேண்டும்.